ஒரு டப்பாவை மாற்றினால் கார் புதுசாகுமா? பழைய லீஃப் பேட்டரியைப் பிரித்தவனின் குறிப்புகள்

கேள்வி: ரோஸ் ஹில்லிலிருந்து ஒருவர், 3 ஜூன் 2024

அண்ணே, ஜப்பானிலிருந்து இறக்குமதியான 2013 நிசான் லீஃப் மின்கார் வைத்திருக்கிறேன். பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோட்டில் 8 கோடுதான் மிச்சம். மொத்தப் பேட்டரியையும், அதாவது பேக்கையே மாற்றச் சொல்கிறார்கள், அந்தக் காசுக்கு இன்னொரு பழைய கார் வாங்கிவிடலாம். ஆனால் உள்ளே 48 மாட்யூல் தனித்தனியாக இருக்கிறதாம், கெட்டதை மட்டும் கழற்றிவிட்டு நல்லதைப் போட்டால் வண்டி புதுசு மாதிரி ஓடும் என்று மாமா பையன் அடித்துச் சொல்கிறான். மாட்யூல் மாட்யூலாகச் செய்வதே அதற்குத்தானே? நீங்கள் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

4 ஜூன் 2024

பிரித்திருக்கிறேன். மூன்று பேக். மாமா பையன் சொல்வது சரிதான், மாற்றலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திருப்பூரிலிருந்து இங்கே மொரீஷியஸில் ஒரு துணி மில்லுக்கு எலக்ட்ரீஷியனாக வந்தவன், பதினாலு வருஷமாகிறது. வாரநாளில் மில், மற்ற நேரம் காத்ர் போர்னில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஷெட். மச்சானும் நானும். லீஃப் வந்தால் லீஃப், இல்லாவிட்டால் வாஷிங் மெஷின்.

24 யூனிட் (கிலோவாட் மணி) லீஃபில் 48 மாட்யூல், ஒவ்வொன்றும் புத்தக அகலத்தில் ஒரு அலுமினியத் தகடு, கிட்டத்தட்ட 4 கிலோ. எங்கள் ஷெட்டில் அதற்குப் பேர் டப்பா. 24ஐ 48ஆல் வகுத்தால் ஒரு டப்பாவுக்கு அரை யூனிட் மின்சாரம், புதுசாக இருந்தபோது. டப்பாவுக்குள் பை மாதிரி நாலு செல். மொத்தம் 192 செல், அத்தனையையும் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் காவல் காக்கும் மின்னணுப் பலகை, தனித்தனியாகக் கண்காணிக்கிறது, அதனால் எந்தச் செல் கெட்டது என்று போனிலேயே பார்த்துவிடலாம். கண்டுபிடி, கழற்று, போடு. அவ்வளவுதான்.

5 ஜூன் 2024

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. ஒருவர் தனியாக எழுதித் திட்டியிருக்கிறார், நியாயமான திட்டு. 192 செல்லையும் பிஎம்எஸ் பார்ப்பதில்லை. டப்பாவுக்குள் இரண்டிரண்டு செல்லை இணையாகச் சேர்த்து, அந்த இரண்டு ஜோடியைத் தொடராக வைத்திருக்கிறார்கள். டப்பாவுக்கு மூன்று முனை இருப்பதே அதனால்தான், நடுமுனை இரண்டு ஜோடிக்கும் பொது. ஆகவே பிஎம்எஸ் பார்ப்பது 96 ஜோடியை. ஜோடிக்குள் ஒரு செல் நொண்டினாலும் இன்னொன்று தாங்கிக்கொண்டிருக்கும், வெளியே இருந்து பார்த்தால் குடும்பம் நன்றாக நடப்பது போலத்தான் தெரியும்.

"அவ்வளவுதான்" என்று முடித்ததையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். ராத்திரி படுத்தபின் டீச்சரம்மா கார் ஞாபகம் வந்தது.

11 ஜூன் 2024

டீச்சரம்மா கதை. எங்கள் தெருவில் இருக்கிறார், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய லீஃபும் 2013தான், திரையெல்லாம் ஜப்பானிய எழுத்து. "தம்பி, நாற்பது வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன், இது எனக்கு என்ன சொல்கிறது என்றே தெரியவில்லை" என்பார். காரில் ஏறினால் ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் வரவேற்கும், இவர் "வணக்கம்மா" என்று பதில் சொல்வார்.

அவருக்குப் பிரச்சினை மேட்டில். மேலே கியூர்பிப்பில் மகள் வீடு, கீழே கடற்கரையில் போர்ட் லூயியில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலை. கீழே இறங்கும்போது ஒன்றுமில்லை, ரீஜெனில் (வேகம் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரம் ஆக்குவது) கொஞ்சம் சார்ஜ்கூட ஏறும். திரும்பி ஏறும்போது ஃபீனிக்ஸ் தாண்டுவதற்குள் டாஷ்போர்டில் ஆமை வந்துவிடும். லீஃபில் சக்தியைக் குறைக்கும்போது எரிகிற விளக்கு நிஜமாகவே ஆமைப் படம்தான். மொரீஷியஸில் ஆமைக்குப் பஞ்சமா, இதற்கு ஒரு கார் வேறு வேண்டுமா என்று மச்சான் சிரித்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். காரும் ஆளும் சேர்த்து 1,600 கிலோ என்று வையுங்கள், கடற்கரையிலிருந்து கியூர்பிப்புக்கு 550 மீட்டர் தூக்க வேண்டும், அதற்கு மட்டுமே 2.4 யூனிட். சாலை உராய்வும் காற்றும் தனி. எட்டுக் கோடு இருக்கிற பேக்குக்கு அது ஒன்றும் பெரிய சுமை இல்லை. ஆனால் டீச்சரம்மா வண்டி சமவெளியில்கூட 62 கி.மீ. தாண்டவில்லை. எங்கேயோ ஒரு ஓட்டை.

காரின் ஓபிடி சாக்கெட்டில் (பழுது பார்க்கச் சொருகும் துளை) ப்ளூடூத் டாங்கிளைச் சொருகி, போனில் லீஃப்ஸ்பை செயலியைத் திறந்தேன். ஜோடிக்கு ஒரு வோல்ட் கம்பியாக 96 கம்பிகள் திரையில் வரிசையாக நின்றன, புல்வெட்டி மட்டம் பிடித்த மாதிரி ஒரே உயரம், உயர்ந்ததுக்கும் தாழ்ந்ததுக்கும் 20 மில்லி வோல்ட்தான் வித்தியாசம். பேக்கில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டேன். அது என் முதல் தப்பு, ஏனென்றால் கார் அப்போது 80 சதவீதத்தில் வாசலில் நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் 30 சதவீதத்தில் நானே ஏறினேன், போனை டாஷ்போர்டில் ஒட்டிவைத்து, மச்சான் ஓட்ட. போர்ட் லூயி நெரிசலைத் தாண்டி மேடு பிடித்ததும் 95 கம்பி மெல்ல இறங்குகிறது, 61ஆம் கம்பி மட்டும் கிணற்றில் வாளி விழுகிற மாதிரி இறங்குகிறது. 180 மில்லி வோல்ட் கீழே. மச்சான் காலை எடுத்தான், கம்பி ஏறியது. மிதித்தான், விழுந்தது. இரண்டு மூன்று தடவை விளையாடினோம், பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்தது.

சும்மா நிற்கும்போதும் நிறைய சார்ஜில் இருக்கும்போதும் எடுத்த படத்தைக் காட்டி யாராவது பேட்டரி நன்றாக இருக்கிறது என்று விற்றால் வாங்காதீர்கள். 20, 30 சதவீதத்தில், மேட்டில், மிதித்துக்கொண்டே பாருங்கள்.

12 ஜூன் 2024

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு நாமே பிரிக்கலாமா என்று கேட்கிறார்கள். இல்லை, முடியாது. முழு சார்ஜில் 390 வோல்ட்டுக்கு மேலே, நேர்மின்சாரம். வீட்டு 230 வோல்ட்டில் கை உதறிக்கொண்டு தப்பித்த பெருமையெல்லாம் இங்கே செல்லாது. முதலில் 12 வோல்ட் பேட்டரி முனையைக் கழற்று, அப்புறம் பின் சீட்டின் காலடியில் இருக்கிற சர்வீஸ் பிளக்கை உருவி உன் சட்டைப்பையில் போட்டுக்கொள் (மச்சான் பையில் இல்லை, உன் பையில்), பத்து நிமிஷம் தேநீர் குடி, பிறகு மீட்டர் வைத்துப் பார். 1,000 வோல்ட் ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை. இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும்.

பிளக்கை உருவினால் பேக் இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பாதியும் 200 வோல்ட்டுக்கு உயிரோடுதான் இருக்கும். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது.

30 ஜூன் 2024

டீச்சரம்மா கதையின் மிச்சம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் இத்தனை நாள்.

பேக்கை இறக்கினோம், 290 கிலோ, கட்டைவண்டி மாதிரி ஒரு டிராலி செய்து. மூடியைச் சுற்றிப் போல்ட், போல்ட்டுக்கு உள்ளே ரப்பர் மாதிரி பசை. போல்ட் அரைமணி நேரம், பசை ஒரு நாள். கடைசியில் கார் கண்ணாடி அறுக்கிற கம்பியை விட்டு இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லை, ஃபேன் இல்லை. இந்தப் பேக்கில் குளிர்விக்கும் ஏற்பாடே கிடையாது, வெப்பம் தகடு வழியாக வெளியே போனால் உண்டு. முன்சீட்டுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் 12, 12 டப்பா படுத்திருக்கும், பின்சீட்டுக்குக் கீழே 24 டப்பா புத்தக அலமாரி மாதிரி நெருக்கி நிற்கும். 61ஆம் ஜோடி அந்த அலமாரியில், நடுவில்.

ஒரு விற்பனையாளரிடம் ஒற்றை டப்பா கிடைத்தது, கொஞ்சம் புது வண்டியிலிருந்து எடுத்தது. கொள்ளளவை அளந்து பார்த்தேன், 55 ஆம்பியர் மணி. புதுசில் 66 இருக்கும், டீச்சரம்மா டப்பாக்கள் நாற்பது சொச்சம்தான் இருக்கும் என்று கணக்கு. ராஜா மாதிரி ஒரு டப்பா கிடைத்தது என்று மகிழ்ந்து அப்படியே வைத்து, பஸ்பார் (டப்பாக்களை இணைக்கும் உலோகப் பட்டை) மாட்டி, மூடியைப் பசை போடாமல் சும்மா போல்ட்டில் நிறுத்தி (இதைச் செய்யாதீர்கள்) ஓட்டிப் பார்த்தேன்.

முன்னைவிட மோசம். 50 கி.மீ.யிலேயே ஆமை.

ராஜா டப்பா வரும்போது பாதி சார்ஜில் இருந்தது. மற்ற 47ம் கிட்டத்தட்ட நிறைந்திருந்தன. மற்றவை நிறைந்ததும் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்திவிட்டது, ராஜா பாதி வயிற்றோடு கிளம்பினார், வழியில் முதலில் காலியானதும் அவர்தான். தனி சப்ளை வைத்து 8.2 வோல்ட்டுக்கு ஏற்றி, மற்றவையும் நிறைந்த நிலையில் மறுபடி மாட்டினேன். இப்போது 70 கி.மீ. எட்டு கி.மீ. லாபத்துக்கு ஒரு வாரம், ஒரு கம்பி, இரண்டு பேர் முதுகுவலி.

காரணம், 61ஆம் ஜோடி போனதும் அடுத்த நொண்டி வெளியே வந்தது. 33 ஆம்பியர் மணியில் இரண்டு ஜோடி. இத்தனை நாள் 61 முதலில் விழுந்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

டீச்சரம்மாவுக்கு இதை விளக்க முடியாமல் தவித்தேன். பிறகு கோயில் பந்தியைச் சொன்னேன். காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறியோடு பந்தி போடுவோம் இல்லையா. நம் வழக்கப்படி எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. பேட்டரியில் சட்டம் தலைகீழ்: முதலில் இலை காலியாகிறவர் எழுந்தால் மொத்தப் பந்தியும் எழுந்தாக வேண்டும். பரிமாறும்போதும் அதே கதை, முதலில் இலை நிறைந்தவர் கையைக் காட்டினால் யாருக்கும் மேற்கொண்டு கிடையாது. 96 பேர் பந்தி. அதில் ஒரு பயில்வானைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் அவர் இலையில் சோறு மிஞ்சுமே தவிர பந்தி நீளாது.

"அப்போ இலை என்று பேர் வைத்தது சரிதான்" என்றார் டீச்சரம்மா. நானே யோசிக்காத விஷயம்.

1 ஜூலை 2024

ஒருவர் கேட்டிருக்கிறார், பாதி சார்ஜ் டப்பாவை நிறைந்த டப்பாவோடு சேர்த்தால் வெடித்துவிடாதா என்று. தொடரில் வெடிக்காது, எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். இணையாகச் சேர்த்தால்தான் ஆபத்து, நிறைந்தது காலியானதற்குள் கட்டுப்பாடில்லாமல் பாயும். வோல்ட்டைச் சமமாக்காமல் இணைக்கவே கூடாது. நான் செய்தது மடத்தனம், ஆனால் அந்த மடத்தனம் இல்லை.

8 ஜூலை 2024

"பேலன்ஸ் செய்ய பிஎம்எஸ் இருக்கிறதே, அதுவே சரிசெய்யாதா?" செய்யும், பொங்கலுக்குப் பொங்கல். பேலன்ஸ் மின்னோட்டம் மில்லி ஆம்பியர் கணக்கில். பத்து என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆம்பியர் மணி வித்தியாசத்தைச் சரிசெய்ய 100 மணி நேரம். ராஜா டப்பாவுக்கு இருபது ஆம்பியர் மணிக்கு மேலே வித்தியாசம் இருந்தது, நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊசி ஓட்டை. அதோடு அது ஏற்றத்தாழ்வைத்தான் சரிசெய்யும், சின்ன இலையைப் பெரிய இலையாக்காது.

21 ஜூலை 2024

வெள்ளக் கார் டப்பா பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், மலிவாகக் கிடைக்கிறதாம்.

ஜனவரி 15, பெலால் புயல் அன்று போர்ட் லூயியில் கார்கள் எப்படி மிதந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு வண்டியின் பின் அலமாரி, 24 டப்பா, என்னிடமே வந்தது. விற்றவர் "நன்றாகக் காய்ந்துவிட்டது" என்றார், கருவாடு விற்கிற மாதிரி. திறந்து பார்த்தேன். டப்பாக்களின் மேல் கைவிரல் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. வோல்ட் அளக்கிற மெல்லிய கம்பிகளின் பிளக்கைக் கழற்றினால் முனையெல்லாம் பச்சைக் களிம்பு, ஒன்று கையோடு ஒடிந்து வந்தது. இரண்டு டப்பாவில் மொத்தமே 3.1 வோல்ட், அதாவது செல்லுக்கு 2 வோல்ட்டுக்கும் கீழே. அந்த ஆழத்துக்குப் போன செல்லுக்குள் செம்பு கரைய ஆரம்பித்துவிடும், மறுபடி சார்ஜ் ஏற்றினால் கரைந்த செம்பு படிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம். செத்ததைச் சார்ஜ் போட்டு எழுப்பாதீர்கள்.

24இல் நாலைத்தான் வைத்துக்கொண்டேன். அந்த நாலையும் வீட்டுக்குள் விடவில்லை, ஆறு மாதமாகக் கொல்லையில் சிமென்ட் தொட்டிக்குள் இருக்கின்றன. 2022இல் இயன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில் உப்புநீரில் மூழ்கிய மின்கார்கள் நாள்கள் கழித்துத் தீப்பிடித்தன. மலிவு என்று சொன்னவரிடம் அந்த டப்பாவை அவர் கட்டிலுக்கடியில் ஒரு மாதம் வைத்திருப்பாரா என்று கேளுங்கள்.

19 ஆகஸ்ட் 2024

கடைசியாக ஒரு நல்ல செய்தி. முன்பக்கம் நசுங்கிய ஒரு லீஃபின் பேக் கிடைத்தது, ஒன்பது கோடு, தண்ணீர் படாதது. டீச்சரம்மா 48, இது 48, மொத்தம் 96 டப்பா. திட்டம்: எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து, தரம் பிரித்து, ஒத்த வயிறு உள்ள 48ஐ ஒரே பந்தியில் உட்கார வைப்பது.

அளப்பதுதான் தவம். விலையுயர்ந்த டெஸ்டர் இல்லை. பழைய ஹாலஜன் ஹெட்லைட் பல்பு, 55 வாட், மூன்றை இணையாகக் கட்டினால் இந்த வோல்ட்டில் 10 ஆம்பியர் சொச்சம் இழுக்கும். டப்பாவை 8.2 வோல்ட்டுக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, பல்பில் கட்டி 6.2 வோல்ட் வரும்வரை எரியவிட வேண்டும், நடுவில் மீட்டர் ஆம்பியர் மணியை எண்ணிக்கொண்டிருக்கும். 42 ஆம்பியர் மணி டப்பா நாலு மணி நேரம் எரியும். நாலு செட் வைத்திருந்தேன், பன்னிரண்டு ஹெட்லைட். மூன்று வாரம் ஷெட் ராத்திரியெல்லாம் மஞ்சளாக எரிந்தது, ஈசல் அத்தனையும் எங்கள் வீட்டில். பக்கத்து வீட்டுக்காரர் கல்யாணமா என்று கேட்டார்.

ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் சாக்பீசில் எண்ணை எழுதினோம். ராஜாவை விட்டுவிட்டால் அதிகம் 46, குறைவு 31, பெரும்பாலானவை 38க்கும் 43க்கும் நடுவில். நடுமுனையையும் தனியாக அளந்தேன், ஒரே டப்பாவில் ஒரு ஜோடி 43, மறு ஜோடி 37 என்று இருந்தவை ஐந்து. அவற்றைக் கழித்தேன். ஒதுக்கி ஒதுக்கி 42லிருந்து 46 வரை 48 டப்பா தேறியது, கடைசி இரண்டுக்கு நசுங்கிய பேக்கைத் தலைகீழாகத் தேடினோம்.

ராஜா டப்பா, 55? சேர்க்கவில்லை. அலமாரியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது.

டீச்சரம்மா காரில் இப்போது 90 கி.மீ. கியூர்பிப் ஏற்றத்தில் 20 சதவீதத்திலும் 96 கம்பியும் கைகோர்த்துக்கொண்டு இறங்குகின்றன. காரின் சொந்த பிஎம்எஸ் பலகையையே வைத்துக்கொண்டதால் காருக்கு அதை அறிமுகப்படுத்துகிற தகராறும் இல்லை, வேறு வண்டியின் பேக்கை அப்படியே தூக்கிப் போட்டால் கார் அதன் பிஎம்எஸ்ஸைப் பார்த்து யார் நீ என்று கேட்கும். கோடு மட்டும் இன்னும் எட்டிலேயே நிற்கிறது, பிஎம்எஸ் புது வயிற்றை மெதுவாகத்தான் நம்பும்.

20 ஆகஸ்ட் 2024

நேற்று பெருமை பேசிவிட்டேன், நம் கண்டுபிடிப்பெல்லாம் யாரோ எப்போதோ செய்ததுதான். நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து 2010இல் ஆரம்பித்த 4ஆர் எனர்ஜி என்ற நிறுவனம், 2018 மார்ச்சில் ஃபுகுஷிமாவின் நமியே ஊரில் இதற்கென்றே ஒரு தொழிற்சாலை திறந்தது. பழைய லீஃப் பேக்கைப் பிரித்து 48 மாட்யூலையும் சோதித்து, தரம் பிரித்து, நல்லவற்றை ஒன்றுசேர்த்து மறுபடி பேக் ஆக்குவது. அப்படிச் செய்த 24 யூனிட் பேக்கை அந்த வருஷம் ஜப்பானில் 3 லட்சம் யென்னுக்கு அறிவித்தார்கள், புதுசு ஆறரை லட்சம். ஒரு பேக்கின் 48ஐயும் அளக்க முதலில் அவர்களுக்கு 16 நாள் ஆகுமாம், பிறகு முறையை மாற்றி 4 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

16 நாள் என்று படித்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் மச்சானுக்குப் புரியவில்லை. பன்னிரண்டு ஹெட்லைட்டோடு மூன்று வாரத்தில் 96 முடித்தோம் தம்பி!

ஆனால் கவனியுங்கள். காரைச் செய்தவர்களே ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடவில்லை. தரம் பிரித்து மொத்தமாகக் கோத்தார்கள். முதல் நாள் கேள்விக்கு நான் "மாற்றலாம்" என்று சொன்னதை இத்தோடு வாபஸ் வாங்குகிறேன். பேக் இளசாக இருந்து ஒரு டப்பா மட்டும் உற்பத்திக் கோளாறில் போயிருந்தால் மாற்றலாம். பதினோரு வயசு வண்டியில் டப்பாவுக்கு ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டும், ஜாதகத்தில் எப்படியோ, இங்கே வயசுப் பொருத்தம்தான் முதல் பொருத்தம்.

14 செப்டம்பர் 2024

"அப்படியானால் புதுக் கார்களில் மாட்யூலே இல்லாமல் செய்கிறார்களே, அது ஏமாற்று வேலைதானே, பழுது பார்க்க முடியாதே" என்று ஃப்ளாக்கிலிருந்து ஒருவர். மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தால் ஆமாம் என்று கத்தியிருப்பேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

மாட்யூல் என்பது பழுது பார்க்கிறவனுக்காக வந்ததில்லை. தொழிற்சாலைக்காக வந்தது. 60 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஆள் கையால் பயமில்லாமல் தூக்கலாம், தனியாகச் சோதிக்கலாம், பிறகு பேக்கில் கோக்கலாம். பிஎம்டபிள்யூ ஐ3இல் 12 செல் கொண்ட 8 மாட்யூல். ஃபோக்ஸ்வாகனில் 9 மாட்யூல் போட்டால் சின்ன பேக், 12 போட்டால் பெரிய பேக், ஒரே டப்பாவை வைத்து இரண்டு விலை. நமக்கு அது பிரிக்க வசதியாக அமைந்தது உபரி லாபம்.

அந்த உபரிக்கு விலை உண்டு. லீஃப் பேக்கில் 290 கிலோ தூக்கி 24 யூனிட்தான் கிடைக்கிறது, தகடும் போல்ட்டும் பஸ்பாரும் தின்ற எடை எவ்வளவு என்று பிரித்தவனுக்குத் தெரியும். 2020இல் பிஒய்டி கொண்டுவந்த பிளேடு பேட்டரியில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள செல்லையே உத்தரம் மாதிரி நேராக பேக்கில் அடுக்கிவிட்டார்கள், நடுவில் மாட்யூல் கிடையாது. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) ரசாயனம், வெப்பத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே தாங்கும், ஆயுளும் அதிகம். டப்பா இல்லாத பேக் பதினைந்து வருஷம் சமமாக வயசானால் எனக்குப் பிரிக்கிற வேலையே இல்லை. நுரை ஊற்றி ஒட்டி, உடைக்காமல் திறக்கவே முடியாதபடி செய்கிற பேக்குகளைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. ஒரு சென்சார் கம்பி போனாலும் மொத்தப் பேக்கும் குப்பை. மாட்யூல் இல்லாததை மன்னிப்பேன், மூடியைத் திறக்க முடியாததை மன்னிக்க மாட்டேன்.

சொந்தத் தொழில் போகும் பயத்தில் பேசுகிறானோ என்று நீங்கள் நினைத்தால், ஆமாம், கொஞ்சம்.

15 செப்டம்பர் 2024

மச்சான் படித்துவிட்டுச் சொல்கிறான்: "வாஷிங் மெஷின் இருக்கிறது, பயப்படாதே."

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசக் காவடி. கால் இன்னும் வலிக்கிறது.

கழித்த டப்பாக்கள் என்ன ஆயின என்று நிறையப் பேர் கேட்டீர்கள். ஏழு டப்பாவைத் தொடராகக் கட்டினால் 14 ஜோடி, 52 வோல்ட், வீட்டு இன்வெர்ட்டருக்கு ஏற்ற கணக்கு. 36, 37 ஆம்பியர் மணி டப்பா ஏழைப் பொறுக்கி ஒரு பெட்டி செய்து கோயிலுக்குக் கொடுத்தோம், ஊர்வலத்தில் தள்ளுவண்டி மைக் செட்டுக்கு. போன வருஷம் வரை பெட்ரோல் ஜெனரேட்டர், பாட்டுக்கு மேலே அதன் சத்தம். இந்தப் பெட்டியில் 1.9 யூனிட், ஆம்ப்ளிஃபயர் 300 வாட்டுக்கு ஆறு மணி நேரம் தாங்கும்.

முதலில் டப்பாக்களைச் சும்மா அடுக்கிவிட்டேன். ஒரு மாதத்தில் ஓரத்து டப்பா இரண்டும் பூரி மாதிரி லேசாக உப்பிவிட்டன. காருக்குள் இரண்டு பக்கமும் தடித்த தகடு வைத்து நீளப் போல்ட்டில் நெருக்கியிருந்ததே, அது அழகுக்கு இல்லை. பைச் செல் அமுக்கத்தில் இருக்க வேண்டும். உப்பின இரண்டையும் தூக்கிவிட்டு வேறு வைத்து, எஃகுத் தகடு போட்டு இறுக்கினேன். குருக்கள் மட்டும் ஆற்றங்கரையிலிருந்து கோயில் வரை பெட்டிக்குப் பத்தடி தள்ளியே நடந்தார். "வெடிக்காது சாமி" என்றேன். "வெடிக்காது என்று நீ இத்தனை தடவை சொல்வதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

16 பிப்ரவரி 2025

ரோஸ் ஹில் தம்பி, இந்தக் கேள்வியை ஆரம்பித்தவர், எட்டு மாதம் கழித்து நேற்று காரோடு வந்தார். மாமா பையனும் கூட. வரும் வழியில் ஒரு டப்பாகூட விலை பேசி வைத்துவிட்டார்களாம்.

22 சதவீதம் வரும்வரை ஊர் சுற்றிவிட்டு மேட்டில் ஏறினோம், போன் டாஷ்போர்டில். 96 கம்பி. மிதித்தோம், எல்லாம் சேர்ந்து இறங்கின. விட்டோம், எல்லாம் சேர்ந்து ஏறின. 15 சதவீதத்திலும் அதிக வித்தியாசம் 25 மில்லி வோல்ட். மாமா பையன் போனை வாங்கி, திருப்பி, திரையைத் துடைத்துப் பார்த்தான்.

"எது கெட்ட டப்பா அண்ணே?"

"எதுவும் கெடவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வயசாகியிருக்கிறது."

"அப்போ 48ஐயும் மாற்ற வேண்டுமா?"

"ஆமாம், அதற்குப் பேர்தான் பேக்."

ஒரு நாளைக்கு 30 கி.மீ. ஓட்டுகிறாராம், வீட்டிலேயே சார்ஜ். எட்டுக் கோட்டில் அது தாராளமாக ஓடும். விலை பேசின டப்பாவை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். மாமா பையனுக்கு மனசு ஆறவில்லை, கிளம்பும்போது அலமாரியில் இருந்த ராஜாவைப் பார்த்துவிட்டு அதன் விலை கேட்டான்.